கிழக்கோரத்து ஐந்து கட்டம்

“அந்த வண்டி மண்ண நக்கிப் பாக்குமா மாமா?”

இதைக் கேட்டபோது தேவிப்ரியாவுக்கு ஏழு வயது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், மாசி மாதம். ஆரணிக்கு வெளியே அவர்கள் கழனியில், ஒரு டிராக்டருக்குப் பின்னால் வட்ட வட்டமாக இரும்புத் தகடுகள் வைத்த வண்டி ஒன்று மண்ணைக் கீறிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் குடைக்காம்பு போல ஒரு கம்பி.

கோகுல்ராஜ் வாய்விட்டுச் சிரித்தான். அவன் தேவிப்ரியாவின் தாய்மாமன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வரப்பில் மடிக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான்.

“நக்காது பாப்பா. கரெண்டு வுட்டுப் பாக்கும். ஒரு தகட்டுல இருந்து மண்ணுக்குள்ள கொஞ்சூண்டு கரெண்டு போவும். இன்னொரு தகடு அத்த வாங்கிக்கும். மண்ணுல உப்பு இருந்தா கரெண்டு தாராளமா ஓடும். இல்லன்னா திணறும். எவ்ளோ ஓடிச்சின்னு அந்த மஞ்சப் பொட்டி எழுதி வெச்சிக்கும்.”

“ஷாக் அடிக்குமா?”

“மண்புழுவுக்குக்கூட அடிக்காது.”

“கரெக்டா சொல்லுமா?”

“அதுக்கு நாக்கே கெடையாது. பொய் எங்க இருந்து சொல்லும்?”

பக்கத்தில் சாப்பாட்டுக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த ரேணுகாம்பாளும் சிரித்தாள். தம்பி பேசுவதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

இரண்டு ஏக்கர் கழனி அது. ரேணுகாம்பாளின் புருஷன் ஜெயவேலுக்கு அப்பா வழியில் வந்தது. கிழக்கு வரப்பை ஒட்டி ஓடை. ஓடைக்கு மேலே அரை பர்லாங்கில் சிவப்பிரகாசத்தின் சாயப்பட்டறை. பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்துப் பசை எடுத்து, அப்புறம் சாயத்தில் நனைப்பார்கள். வெந்த தண்ணீர், சாயத் தண்ணீர் எல்லாம் ஓடைக்கு வரும். திங்கட்கிழமை அரக்காகவும் வியாழக்கிழமை பச்சையாகவும் ஓடும். ஊரில் எந்தச் சேலைக்குக் கிராக்கி என்று ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பக்கத்துக் கழனிக்காரர் பொன்னுசாமி கேலி பேசுவார்.

நாலைந்து வருஷமாகக் கிழக்கோரத்தில் பயிர் நிற்கவில்லை. நாற்று நட்ட பத்தாம் நாள் நுனி கருகும். வெயில் ஏறினால் மண்மேல் அரிசி மாவு தூவியதுபோல வெள்ளை பூக்கும். ஜெயவேல் மனு கொடுத்துக் கொடுத்து, கடைசியில் மண் ஆராய்ச்சிக்காரர்களின் குழு ஒன்று ஓடையோரக் கழனிகளை அளக்க வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஹேமநாத் அதற்கு அதிகாரி. கம்ப்யூட்டர் தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் மூன்று மாதத்துக்கு வேண்டும் என்றார்கள். கோகுல்ராஜ் சேர்ந்தான். ஓடையோரம் உப்பு என்று அந்த வண்டி சொல்லிவிட்டால், பட்டறைத் தண்ணீரை ஓடைக்கு விடாமல் தடுத்துவிடுவார்கள். ஜெயவேல் நம்பியிருந்தது அதைத்தான்.

கோகுல்ராஜை வளர்த்தவள் ரேணுகாம்பாள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினெட்டு. கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டி வந்தாள். ஜெயவேல் முகம் சுளிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில், தறிக்கு அட்டை குத்துவது. சேலையில் வருகிற பூவையும் மயிலையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் நூல் எழும்ப வேண்டுமோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை. வரிசையைப் பார்த்துக்கொண்டே ஓட்டை குத்தும் மிஷினை மிதிப்பது கஷ்டம். ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் குத்த வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோகுல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பான்.

“மூணு குத்து, ரெண்டு வுடு, ஒண்ணு குத்து, நாலு வுடு…”

பார்டர் மட்டும் வேறு மாதிரி. சேலையின் இரண்டு ஓரத்துக்கும் ஒரே பார்டர். தாளில் ஒரு பக்கத்துக்குத்தான் வரைந்திருக்கும். மறுபக்கத்துக்கு அதையே பின்னாலிருந்து முன்னாகப் படிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கத்து மயிலும் ஒன்றையொன்று பார்க்கும். இதை அவனுக்கு ஒன்பது வயதில் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்த அட்டை மிஷினை மிதித்துத்தான் அவனைக் கம்ப்யூட்டர் டிப்ளமோ வரை படிக்க வைத்தாள்.

வண்டி மேற்கே தொடங்கி, போவதும் வருவதுமாகக் கழனியை உழுவதுபோல் அளந்தது. பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. கோகுல்ராஜ் மஞ்சள் பெட்டியில் ஒரு வயரைச் சொருகி, மறுமுனையைக் கம்ப்யூட்டரில் சொருகினான். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெதுவாக வளர்ந்தது.

“இன்னாடா பண்ணுது?” என்றாள் ரேணுகாம்பாள்.

“பொட்டியில இருக்கிறது இதுக்குள்ள எறங்குதுக்கா. நாலாயிரத்துச் சொச்சம் நெம்பரு. அப்பறம் நாலு மீட்டருக்கு ஒரு கட்டமா சேத்துடுவோம். குறுக்கால இருபத்தஞ்சு கட்டம், நெடுக்கால இருபது வரிச. உன் கிராப் பேப்பரு மாரியே வரும்.”

“அப்ப நானே படிச்சிக்கலாம்.”

“நீயா? அய்ய, இது மயிலு இல்லக்கா.”

அவள் அதற்கும் சிரித்தாள். பச்சைக் கோடு முக்கால் வாசி வந்தபோது எண்கள் திரையில் ஓடின. அவன் கம்ப்யூட்டரைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“வெயிலு பட்டா ஒண்ணும் தெரியல” என்றான்.

வரப்பு மர நிழலில் எல்லாரும் சாப்பிட்டார்கள். கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், கீரைக் கடைசல். தம்பிக்கு மட்டும் இரண்டாவது உருண்டைக்குள் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தாள். அவன் பாதிதான் சாப்பிட்டான்.

“இன்னாடா, பசிக்கலியா?”

“வெயிலுக்கா.”

அன்று பெரிதாக வெயில் இல்லை. தை மாதத்துப் பனி இன்னும் முழுதாக விலகியிருக்கவில்லை. அவளுக்கு அது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

பத்து நாள் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். ஒவ்வொரு கழனிக்கும் வண்ணத்தில் ஒரு படம், எண்கள் அச்சடித்த ஒரு தாள். உப்பு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. ஜெயவேலின் கழனி வரப்பிலிருந்து வரப்பு வரை பச்சையாக இருந்தது.

ஹேமநாத் தாளைப் பார்த்துப் படித்தார். “சராசரி நாப்பது. ஓடைப் பக்கம் தனியா உயரவில்லை. உப்புப் பிரச்சினை இல்லைங்க ஐயா. உரம் கொஞ்சம் கூடுதலா போகுதோ என்னவோ. யூரியாவைக் குறைச்சுப் பாருங்க.”

“உப்பு வெள்ளையா பூக்குதுங்களே சார்” என்றார் ஜெயவேல்.

“மிஷின் காட்டினதைத்தான் ஐயா நான் சொல்றேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பொன்னுசாமி எழுந்து, “இன்னா வேலு, அஞ்சு வருசமா பட்டறைக்காரர திட்டிகினு இருந்தியே. யூரியாவ உன் பொண்டாட்டி கொழம்புல கொட்ற உப்பு மாரி கொட்டுனா வேற இன்னா ஆவும்?” என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் சபை முழுதும் சிரித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சிவப்பிரகாசம் நின்றிருந்தார். நெற்றி நிறைய விபூதி. குரலை உயர்த்திப் பேசி அவரை யாரும் கேட்டதில்லை.

“ஜெயவேலு, எனக்கு உம்மேல வருத்தம் எதுவும் இல்ல. வெளையாத பூமிய வெச்சிகினு ஏன் பேஜார் படற? நூலு காயவைக்க எனக்கு எடம் வேணும். நானே எடுத்துக்கறேன். வர்ற வெள்ளிக்கெழம அக்ரிமெண்டு போட்டுக்கலாம். யோசிச்சி சொல்லு.”

ஜெயவேல் யோசிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு நேராகக் கழனிக்குப் போனார். ரேணுகாம்பாள் அவரைத் தேடிப்போனபோது கிழக்கோரத்தில் குந்தியிருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் மண். அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“எனக்குக் கரிக்குதுமே. மிஷினுக்குக் கரிக்கலியாம்.”

“எழுந்து வாங்க.”

“நான்தான் கெடுத்தேன்னு சொல்ட்டாங்க. எங்கப்பன் குடுத்த மண்ண நான் கெடுத்தேனாம்.”

அவள் தன் முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் பேச்சு குறைந்துபோனது. சோறு போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரேணுகாம்பாள் ஒரு முகூர்த்தச் சேலைக்கு அட்டை குத்திக்கொண்டிருந்தாள். அது வழக்கமான மாம்பழ புட்டா வேலைப்பாடு. தாளைப் பார்க்காமலே கால் தானாக மிதித்தது. பக்கத்தில் தேவிப்ரியா பழைய பேப்பர்களைக் கிளறிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் கொடுத்த, எண் அச்சடித்த தாள் கையில் அகப்பட்டது.

“யம்மா, இத்த படிக்கட்டா? மாமா மாரி?”

“படி.”

“நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு, நாப்பத்தஞ்சு, நாப்பது, முப்பத்தாறு…”

ரேணுகாம்பாள் காதில் அரைகுறையாக விழுந்தது. வரிசை நீளமாகப் போனது. பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தாள். “…முப்பத்தாறு, நாப்பது, நாப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு.”

கால் நின்றது.

“இன்னொரு தபா படி.”

“ஏம்மா, தப்பா?”

“தப்பு இல்ல கண்ணு. அடுத்த வரிச படி. மொத அஞ்சு மட்டும்.”

“முப்பத்தொம்பது, நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு, முப்பத்தேழு, நாப்பத்துமூணு.”

“கடைசி அஞ்சு?”

“நாப்பத்துமூணு, முப்பத்தேழு, நாப்பத்திரண்டு, நாப்பத்திரண்டு… யம்மா, முப்பத்தொம்பது! எப்பிடிம்மா திரும்பி வருது?”

மிஷினை விட்டு இறங்கித் தாளைக் கையில் வாங்கினாள். நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் கட்டத்தில் வரிசை படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வரிசையையும் விரல் வைத்துப் பார்த்தாள். எல்லா வரிசையிலும் மேற்கோரத்து ஐந்து கட்டம் கிழக்கோரத்தில் திரும்பி நின்றது. பட்டுச் சேலையின் இரண்டு பார்டர் போல.

மண் அளந்த மிஷின் கோளாறாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே சாமி மாடத்துக்கு விளக்கேற்றினாள். கம்ப்யூட்டருக்கு ஏதோ ஆகியிருக்கும். அவனுக்கே தெரிந்திருக்காது. இப்படி ஒரு மணி நேரம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பிறகு, வெயில் இல்லாத நாளில் அவன் வெயில் என்று திரையைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. மிஷின் எங்கேயாவது பார்டர் போடுமா? பின்னாலிருந்து முன்னாகப் படிக்க எந்த மிஷினுக்குத் தெரியும்?

திங்கட்கிழமை காலையில், ஆரணிக் கோட்டை மைதானத்துக்கு எதிரே குழு வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறைக்குப் போனாள். கோகுல்ராஜ் தனியாகத்தான் இருந்தான். குழு அடுத்து அளக்கப் போகிற சேத்துப்பட்டுக்கு அனுப்பச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“வாக்கா. டீ சொல்லட்டா?”

அவள் தாளை மேஜைமேல் விரித்தாள். முதல் வரிசையில் விரலை வைத்தாள்.

“இத்த கொஞ்சம் படிடா. நீ படிச்சிக் கேட்டு எவ்ளோ நாளாச்சி.”

“இன்னாக்கா, வேல கீது.”

“படி. மொத அஞ்சு. அப்பறம் கடைசி அஞ்சு.”

அவன் தாளைப் பார்த்தான். படிக்கவில்லை. சாமான் கட்டுகிற கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான்.

“சில கழனி அப்பிடி வரும்க்கா. அது டெக்னிக்கலு. உனக்குச் சொன்னா புரியாது.”

“உனக்குப் பார்டரு படிக்கக் கத்துக்குடுத்தது யாரு?”

கீழே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

“சொல்லுடா கோகுலு. நெஜ நெம்பரு இன்னா?”

“பட்டறைய மூடிட்டா அங்க வேல செய்றவங்க இன்னாக்கா பண்ணுவாங்க? அத்த யோசிச்சியா?”

“நீ அதுக்காகவா பண்ணே?”

அவன் தலை குனிந்தது. “இந்த வேல இன்னும் ஒரு மாசந்தான். சிவப்பிரகாசம் ஐயா பட்டறை முன்னால டிசைன் கம்ப்யூட்டர் சென்டர் வெக்கப்போறாரு. என்னையே வெச்சி. கிழக்கோரத்த மட்டும் கொஞ்சம் பாத்துக்கன்னாரு. நெலத்துக்கும் நல்ல வெல குடுக்கறேன்னாரு. மாமாவுக்கும் நஷ்டம் இல்லதானேன்னு…”

“உங்க மாமா மண்ண நக்கிப் பாத்துகினு உக்காந்திருக்காருடா.”

“எனக்கு…” சுருட்டிய கயிற்றைக் கீழே வைத்தான். “அந்தத் தாள யாரும் படிக்க மாட்டாங்க, கலரத்தான் பாப்பாங்கன்னு இருந்தேன்க்கா. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

அவளுக்கு அந்தச் சொல்தான் நெஞ்சில் போய் நின்றது. நிலத்தை விற்கும் நிலைக்குத் தள்ளியது, மாமனை ஊர் சிரிக்க வைத்தது, இதெல்லாம்கூட அப்புறம். தன் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் வரிசை படித்தவன், தன்னை ஒன்றும் தெரியாதவள் என்று கணக்கில் வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறான்.

“நெஜம் எங்கயாவது கீதா? அழிச்சிட்டியா?”

“மஞ்சப் பொட்டிக்குள்ள இருக்கு. சேத்துப்பட்டு முடிஞ்சி தெள்ளாரு ஊருல வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னால தொடச்சிடுவாங்க.”

“சரி. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. நீயே உங்க சாராண்ட போயி, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லிடு. வெள்ளிக்கெழம உங்க மாமா கையெழுத்துப் போடறதுக்குள்ள.”

“புதன்கெழம சாரு வராரு. சொல்லிடறேன்க்கா.”

“எம்மேல ஆணையா?”

“உம்மேல ஆணையா.”

அவள் நம்பினாள். புதன்கிழமை அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய் முருங்கைக்காய்க் குழம்பு வைத்து, இரண்டு மணி வரை காத்திருந்தாள். சாயங்காலம் மாடி அறைக்குப் போய்ப் பார்த்தால் பூட்டுத் தொங்கியது. அறை காலி, பையன் நேற்றே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார் கீழ்க்கடைக்காரர். கடையிலிருந்தே அவன் செல்போனுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தான்.

அன்று அவள் அழவில்லை. குழம்பை மட்டும் யாருக்கும் பரிமாறாமல் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஜெயவேலிடம், “தேவிக்கு ஒரு வேண்டுதல், கோயிலுக்குப் போய்ட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறினாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. மடியில் அந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது. வழியெல்லாம் வேர்க்கடலைக் கொடி காய்ந்து கிடந்தது.

சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழு தங்கியிருந்தது. ஹேமநாத் வண்டித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கோகுலோட அக்காதானே? அவன் உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லியிருக்கான். இப்ப எப்படி இருக்கான்?”

அவள் தாளை விரித்தாள்.

“சார், நான் படிக்காதவ. தப்பா கேட்டா மன்னிச்சிக்குங்க. நீங்க எத்தினி கழனி அளந்திருப்பீங்க?”

“இதுவரைக்கும் நூத்துக்கு மேல.”

“எந்தக் கழனியாவது பட்டுப் பொடவ மாரி ரெண்டு பக்கமும் ஒரே பார்டரோட இருந்துதா சார்?”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். ஒரு வரிசை. இரண்டு வரிசை. மூன்றாவது வரிசைக்கு வந்தபோது ஹேமநாத் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார்.

“உள்ள வாங்கம்மா.”

மஞ்சள் பெட்டியில் வயரைச் சொருகினார். திரையில் அதே பச்சைக் கோடு. ரேணுகாம்பாள் கைகூப்பிக்கொண்டு நின்றாள். படவேட்டம்மா, இதே நெம்பரு வரணும் என்று வேண்டினாள். மிஷினே தப்பாக இருக்கட்டும். அவன் என்னிடம் சொன்னது பொய்யாக இருக்கட்டும். நிலம் போனால் போகட்டும். கோடு நகர நகர, இதைத்தான் திரும்பத் திரும்ப வேண்டினாள்.

கோடு நிறைந்தது. எண்கள் கட்டம் கட்டமாக வந்து நின்றன. அவள் முதல் வரிசையைப் படித்தாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து. எல்லாம் அதேதான். கண்ணை வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோகப் பயமாக இருந்தது. கொண்டுபோனாள். நூற்றுப் பதினெட்டு, நூற்று அறுபத்து நாலு, இருநூற்று மூன்று, இருநூற்று இருபத்தொன்று, இருநூற்று முப்பத்தாறு.

ஹேமநாத் ஏதோ ஒரு சாவியைத் தட்டினார். எண்கள் நிறமாயின. ஓடையோரம் முழுக்கச் சிவந்து கிடந்தது. அவள் எத்தனையோ முகூர்த்தச் சேலைக்கு அந்தச் சிவப்பில் பார்டர் குத்தியிருக்கிறாள்.

“இந்த ஃபைல் என்கிட்ட வர்றதுக்கு முன்னால ஒருத்தன் கையிலதான் இருந்தது” என்றார் அவர் மெல்ல.

“எந்தம்பி சார். நான் வளத்தவன்.”

அவர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“கையெழுத்து என்னுதும்மா. பெட்டியில இருக்கிறதோட ஒத்துப் பார்த்துட்டுத்தான் நான் போட்டிருக்கணும். கலரைப் பார்த்துட்டுப் போட்டுட்டேன். திருத்தின அறிக்கை இன்னிக்கே எழுதறேன். சரிபார்க்காதது என் தவறுன்னுதான் அதுல இருக்கும். அவனை வேலையை விட்டு எடுத்தாகணும். போலீசுக்கெல்லாம் போக மாட்டேன்.”

அவள் காலில் விழப் போனாள். அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். பஸ் நிலையம் வரை தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். உலகத்தில் நல்லவர்கள் சத்தம் போடாமல் இருப்பதால்தான் அவர்கள் குறைவாக இருப்பதுபோலத் தோன்றுகிறது.

ஜெயவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள், கோயில் பொய் உட்பட. ஹேமநாத் அச்செடுத்துக் கொடுத்த சிவப்புப் படத்தை அவர் நெடுநேரம் வைத்துப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவர் முதுகு நிமிர்ந்தது. பிறகு, “சின்னப் பையன்தானேமே. பட்டறைக்காரன் ஆச காட்டியிருப்பான், இவன் பயந்திருப்பான். வரச் சொல்லு” என்றார்.

“நீங்க மன்னிப்பீங்க” என்றாள் அவள். “உங்களுக்கு அவன் மச்சினன்.”

அதற்குமேல் நிற்காமல் அடுப்படிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அக்ரிமெண்டு நடக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, பட்டறைத் தண்ணீரை ஓடைக்கு விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. சிவப்பிரகாசம் பின்பக்கம் தொட்டி கட்டினார். பட்டறை மூடவில்லை, யார் வேலையும் போகவில்லை. கம்ப்யூட்டர் சென்டரை அவர் வைக்கவே இல்லை. பொன்னுசாமி ஒரு கூடை மாங்காயோடு வந்து, “நான் அன்னிக்குப் பேசுனது தப்புடா வேலு. உன் பொண்டாட்டி கொழம்புக்கும் சேத்து மன்னிச்சிடு” என்றார்.

மண் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. நல்ல தண்ணீர் பாய்ச்சி வடிக்க வேண்டும், தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் சேற்றில் மிதித்துவிட வேண்டும், இப்படி மூன்று நாலு வருஷம் செய்தால் உப்பு இறங்கும் என்று ஹேமநாத் எழுதிக்கொடுத்திருந்தார். செய்தார்கள். ரேணுகாம்பாள் தம்பி பேரை வாயால் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் கடையில் இருக்கிறான் என்று காதில் விழுந்தது. இரண்டு முறை கடிதம் வந்தது. பிரிக்காமல் அட்டை மிஷினுக்கு அடியில் வைத்தாள். தேவிப்ரியா, “மாமா எப்பம்மா வரும்?” என்று கேட்பதை ஒருநாள் தானாக நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடி. ஜெயவேலுக்கு முழங்கால் வீங்கிச் சேற்றில் இறங்க முடியாத நிலை. மற்ற இடத்தையெல்லாம் டிராக்டர் மடக்கி உழுதுவிட்டது. கிழக்கோரம் பொதபொதவென்று இருந்ததால் அங்கே டிராக்டர் புதைந்தது. நாற்பது சென்டில் தக்கைப்பூண்டு இடுப்பு உயரம் நின்று மஞ்சளாகப் பூத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டால் தண்டு கட்டையாகிவிடும், மட்காது. ஆள் கிடைக்கவில்லை. காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் தற்செயலாகக் கோகுல்ராஜைப் பார்த்த பொன்னுசாமி இதை வெறும் ஊர்ச் செய்தியாகத்தான் சொன்னார்.

“வெள்ளிக்கெழம நாங்க எல்லாம் படவேட்டுக் கோயிலுக்குப் போறோம். உங்க அக்கா வூடும்தான். ஆத்தா பாத்து எதாவது வழி காட்டட்டும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஊர் வண்டிகள் வேப்பிலை கட்டிக்கொண்டு படவேட்டுக்குக் கிளம்பிப் போயின. கழனிகளில் யாரும் இல்லை. கோகுல்ராஜ் ஓடைக் கரை வழியாக வந்தான். சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தான். மோட்டார் கொட்டகையின் கூரைச் செருகலில் மண்வெட்டியும் அரிவாளும் எப்போதும்போல இருந்தன.

அந்த ஐந்து கட்டம் எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கு அளக்காமலே தெரிந்தது. தெற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தான். பூண்டை அறுத்துச் சாய்ப்பது, சேற்றில் அமுக்கி மிதிப்பது. ஒரு வரிசை முடிந்தால் அடுத்தது. ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டர் சாவியைத் தவிர எதையும் தொடாத கை. எட்டு மணிக்குக் கொப்புளம் வந்தது, பத்து மணிக்கு உடைந்தது. கொண்டுவந்த இரண்டு பொரை பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மறுபடியும் இறங்கினான். மத்தியானம் ஒரு தூறல் போட்டு நின்றது. இருபது வரிசையும் முடிந்தபின், தூர்ந்து கிடந்த வடிகாலை நீளத்துக்கும் வெட்டிவிட்டான். கலங்கிய தண்ணீர் மெல்ல நகரத் தொடங்கியது.

கரையேறும்முன் குனிந்து, மிதிபடாத இடத்தில் கொஞ்சம் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான்.

கரித்தது. முன்பு எவ்வளவு கரித்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று அவன் எண்ணைத்தான் பார்த்தான்.

வாயில் இருந்ததைத் துப்பாமல் விழுங்கினான். மண்வெட்டியையும் அரிவாளையும் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே செருகினான். படவேட்டிலிருந்து வண்டிகள் திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே ஓடையோரமாக நடந்து போனான்.